மணி வரும் வரை

அந்தமானில், லாங் ஐலண்ட் மர மில்லில் ஏழாவது வரை படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் போர்மேன் என்னைக் கூப்பிட்டார். நாகர்கோவில்காரர்.

கடலிலிருந்து கட்டையை மேலே இழுக்கும் செயின், பெரிய ரம்பம், ஓரம் சீவும் ரம்பம் மூன்றையும் அதுவரை மூன்று பேர் தனித்தனியாக ஓட்டினார்கள். இனி மேடையிலிருந்து ஒருவனே மூன்று லீவர்களையும் வரிசையாகத் தள்ளுவான். எதன் பின் எது, எப்போது நிறுத்துவது என்று நான் பலகையில் எழுத வேண்டும்.

சீவும் ரம்பம் முதலில், செயின் கடைசியில். அதில் குழப்பமில்லை. ஆனால் ஒவ்வோர் இடத்திலிருந்தும் தயார் மணி வந்தபின் அடுத்த லீவரைத் தள்ளுவதா, இருபது எண்ணிவிட்டுத் தள்ளுவதா? இரண்டாவது வழியில் ஆபத்துக்கு மட்டும் மணி. மரம் ஏற்றக் கப்பல் காத்திருந்தது. இரண்டாவதையே எழுதினேன்.

ஒரு வாரம் ஓடியது. பிறகு ஒரு மழைநாளில் செயினில் கட்டை சிக்கியது. எல்லாவற்றையும் நிறுத்தினோம். கீழே வேலை செய்யும் தெலுங்குக்காரர் கடப்பாரையோடு செயின் ஓடும் பள்ளத்தில் இறங்கினார். கட்டை அசைந்ததும் போர்மேன் மறுபடி லீவர்களைத் தள்ளத் தொடங்கினார். இரண்டு ரம்பங்களும் சுழன்றன. செயினுக்காக எண்ணினார்.

பள்ளத்தின் மணிக்கயிறு வெட்டி வெட்டி இழுபடுவதைக் கீழே நின்ற நான் பார்த்தேன். மணி அடிக்கவில்லை. நனைந்து உப்பிய கயிறு கப்பியில் இறுகியிருந்தது. ரம்பச் சத்தத்தில் என் கத்தல் எனக்கே கேட்கவில்லை. மேடை ஏணியில் ஏறி ஓடினேன். போர்மேனின் உதடு பத்தொன்பது என்றது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். லீவர் பாதி போய்விட்டிருந்தது. செயின் ஒரு சாண் நகர்ந்து நின்றது.

தெலுங்குக்காரர் மேலே வந்தார். குதிகாலில் தோல் இல்லை.

"அரே பாய், மேரா பைர் பீ சீர்கே ஜகாஜ் மே பேஜேகா க்யா?" என் காலையும் அறுத்துக் கப்பலில் ஏற்றுவாயா என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

"கயிறு சிக்கினதுக்குப் பலகை என்னலே பண்ணும்? கயித்தை மாத்து," என்றார் போர்மேன்.

"கயிறு அறுந்தாலும் மணி வராது, ஆள் மயங்கினாலும் வராது அண்ணாச்சி. சத்தமில்லேன்னா எல்லாம் சரின்னு எழுதுனேன் பாருங்க, அதான் தப்பு."

"கப்பல் போயிட்டா நீயா பதில் சொல்லுவே?"

பலகையை அழித்து, தயார் மணி வந்தபின் லீவர் என்ற முதல் வழியை எழுதினேன்.

மறுநாள் காலை போர்மேனே லீவரில் நின்றார். ரம்பங்களிலிருந்து இரண்டு மணிகளும் அடித்தன. பள்ளத்து மணி மட்டும் வரவில்லை. தெலுங்குக்காரர் பள்ளத்து விளிம்பில் உட்கார்ந்து குதிகாலில் துணி சுற்றிக்கொண்டிருந்தார். முடிச்சுப் போட்டார். பிடிக்காமல் அவிழ்த்தார்.

போர்மேன் என்னை முறைத்தார். பிறகு லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டு ஒரு பீடி பற்ற வைத்தார்.