அக்கா அனுப்பிய முடி

பிரான்ஸின் லியோன் நகர ஆய்வகத்தில் என் காலை ஒரு வாளி ஐஸோடு தொடங்குகிறது. எங்கள் பாண்டி முத்தியால்பேட்டையில் ஐஸ் வாளியோடு நடந்தால் மீன் எங்கே என்று கேட்பார்கள். இங்கே அதில் விரல்நுனி அளவுக் குழாய்களில் என்சைம்கள் இருக்கின்றன. கொஞ்ச நேரம் வெளியே வைத்தால் கெட்டுப்போகிற சுகவாசிகள்.

நான் ஆராயும் என்சைமின் வேலை சிக்கெடுப்பது. செல் இரண்டாகப் பிரியுமுன் டிஎன்ஏ இழை நகலாக வேண்டும்; அப்போது முறுக்கேறிச் சிக்கிக்கொள்ளும். இந்த என்சைம் இழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டிவிடும். தடுப்பு மருந்தைச் சேர்த்தால் வெட்டியதோடு நின்றுபோகும், ஒட்டாது. செல் செத்துவிடும். புற்றுநோய்க்கு இப்படியும் மருந்து கொடுக்கிறார்கள். ஆனால் வேகமாகப் பெருகும் எந்தச் செல்லும் அதற்கு ஒன்றுதான். முடியின் வேரும் தப்பாது.

போன் கார்டைச் சுரண்டி ஊருக்குப் பேசிக்கொண்டிருந்த வருடங்களில், அதே வகை மருந்து என் அக்காவின் கையில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அவளுக்கு இடுப்பைத் தாண்டிய கூந்தல். போனில் அழுதாள்.

“சீப்பு வச்சா கொத்து கொத்தா வருதுடா தம்பி.”

“அப்படின்னா மருந்து நல்லா கேக்குதுன்னு அர்த்தம்க்கா.”

முடி கொட்டுவதை வைத்துக் கட்டி கரைகிறது என்று சொல்ல முடியாது. அது எனக்குத் தெரியும். அவள் அழுகையை நிறுத்தத்தான் சொன்னேன். நிறுத்திவிட்டாள். சவுரிக்குச் சேர்ப்பதுபோல உதிர்ந்த முடியையெல்லாம் விரலில் சுற்றிச் சேர்த்தாள். ஒருநாள் கவரில் அந்தச் சுருள் வந்தது. ‘பார்றா, எவ்ளோ நல்லா கேக்குது’ என்று எழுதியிருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து அக்காவின் கணவர் போன் செய்தார்.

“முதுகு வலிய யார்கிட்டயும் சொல்லல மாப்ள. ஸ்கேனுக்கும் வரமாட்டேன்னுட்டா. மருந்து கேக்குது, படிச்ச தம்பியே சொல்லிட்டான்னு சொன்னா.”

நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மருந்து கேட்கவில்லை என்று முன்பே தெரிந்திருந்தால் வேறு மருந்து பார்த்திருப்பார்களாம். பிழைத்திருப்பாளா, தெரியாது. என் பொய்யை நம்பித்தான் அவள் வலியைப் பொறுத்துக்கொண்டாள். மனசு இன்னும் ஆறவில்லை.

போன வாரம் உடன் வேலை செய்யும் பிரெஞ்சுக்காரப் பெண் என் மேசை டிராயரில் பேனா தேடினாள். கவரைப் பிரித்துப் பார்த்து, “எஷான்த்தியோன்?” என்றாள். ஆய்வுக்கான மாதிரியா என்று கேட்கிறாள். வேறு என்ன சொல்வது? “உய்”, ஆமாம் என்றேன். பெயர் எழுதாமல் எதையும் வைக்கக்கூடாது, ஃப்ரீசரில் வை என்று பேனாவை நீட்டினாள்.

கவர்மேல் தமிழில் ‘அக்கா’ என்று எழுதினேன். அவள் சாம்பலைப் பாண்டிக் கடலில் கரைத்தாயிற்று. மிச்சம் இங்கே ஃப்ரீசரில் என் என்சைம்களுக்குப் பக்கத்தில், யாருக்கும் படிக்கத் தெரியாத பெயரோடு இருக்கிறது.