பின்பக்கத்தில் எழுதிய பெயர்

தவயோகன் நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் பதினொரு வருடம் மீன் வெட்டினார். இப்போது ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் இருந்துகொண்டு, முதலாம் உலகப் போருக்குப் போன அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்களின் பழைய புகைப்படங்களைச் சேர்க்கிறார். தேடிக் கண்டுபிடித்த விபரங்களைப் படத்தின் பின்பக்கம் பென்சிலால் தமிழில்தான் எழுதுவார். ஒஸ்லோ சேகரிப்பாளர் சங்கத்தில் வேறு யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற தைரியம்.

கோயம்புத்தூர் கிரிதர் வந்து சேரும்வரைதான் அந்தத் தைரியம். "சும்மா பார்த்துட்டுத் தர்றேன் சார்" என்று ஆல்பத்தை வாங்கிப் போனவன், வெட்கமில்லாமல் அவருடைய ஆறு வருட உழைப்பைத் தன் பெயரில் சங்க இதழில் போட்டுவிட்டான்.

தவயோகன் சண்டை பிடிக்கவில்லை. பெயர் தெரியாத ஓர் ஆட்டக்காரரின் படத்துக்குப் பின்னால், "ஒட்வார் ஹெக்னெஸ், நோர்வேயில் பிறந்தவர், 1918இல் பிரான்சில் குண்டு பட்டு இறந்தார்" என்று எழுதி, அடுத்த ஆல்பத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். திருடுகிறவன் சரிபார்க்க மாட்டான் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த கூட்டத்தில் கிரிதர் ஹெக்னெஸைத் தன் கண்டுபிடிப்பாகத் திரையில் காட்டினான். கைதட்டல் ஓயும்வரை தவயோகன் பொறுத்திருந்தார். பிறகு, தான் கூட்டிவந்திருந்த, பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் தனக்கு மேற்பார்வையாளராக இருந்தவரின் தோளில் கை வைத்தார்.

"தம்பி, உம்மடை ஹெக்னெஸ் இவர்தான். எங்கை குண்டு பட்டதெண்டு நீரே கேளும்."