எதிர்ப்பக்கத்துக் கை

பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு நடந்தது பட்டப்பகலில். தகரக் கூரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த மத்தியானத்தில். நான் குடிக்கிறவன் இல்லை. அன்றைக்குக் காலையில்தான் மாதா கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்கிவிட்டு வந்திருந்தேன். என்னோடு நின்று இன்னொருத்தனும் பார்த்தான். அவனைக் கேட்டாலும் இதையேதான் சொல்வான்... ஒரு வார்த்தை கூடாது, ஒரு வார்த்தை குறையாது.

1952-ஆம் வருஷம். ராயபுரத்தில், துறைமுகச் சுவருக்குக் கொஞ்சம் தள்ளி, அய்யாத்துரை அண்ணாச்சியின் பட்டறை. அவருக்கும் எனக்கும் ஒரே ஊர், சாத்தான்குளத்துப் பக்கம். என் பெயர் சிலுவைமுத்து. ரிப்பேருக்கு வந்து நிற்கிற கப்பல்களுக்கு வேண்டிய சின்னச் சின்னப் பித்தளைச் சாமான்கள் செய்வதுதான் எங்களுக்கு வேலை.

அந்த வருஷம் ஆடியில் அண்ணாச்சி ஒரு பழைய பட்டை ரம்பம் வாங்கிப் போட்டார். எண்ணூர்ப் பக்கம் மூடிப்போன ஏதோ ஒரு பட்டறையில் கிடந்ததாம். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். இரண்டையும் சுற்றி நாடா மாதிரி ரம்பப் பட்டை ஓடும். நடுவில் இடுப்பு உயரத்துக்கு இரும்பு மேசை. மேல் சக்கரம் மாட்டுவண்டிச் சக்கரம் அளவு இருக்கும், அதற்கு ஒரு தகர மூடி. அதனால் இந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனின் முகம் தெரியாது. மேசைக்கும் மூடிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் கை மட்டும்தான் தெரியும். முழங்கை வரைக்கும்.

அப்போது ஒரே வேலை திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. கப்பல் ஜன்னல் சட்டத்துக்கு அடிக்கிற பித்தளை ஆப்பு. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஒரு முனையைச் சாய்வாக அறுக்க வேண்டும். அவ்வளவு சின்னச் சாமானை வெறும் கையால் பிடித்து ரம்பத்தில் கொடுத்தால் சாமானோடு விரலும் போய்விடும். அதற்காகத் தேக்குக் கட்டை ஒன்றில் சாய்வாகப் பள்ளம் வெட்டி வைத்திருந்தோம். பித்தளையை அதில் படுக்கவைத்து, மேலே தகடு போட்டு, திருகாணியை முறுக்கிவிடுவோம். கட்டையை நான் இந்தப் பக்கமிருந்து தள்ளுவேன். சாய்வாக அறுக்கும்போது ரம்பம் வெடுக்கென்று கடித்து இழுக்கும். கட்டை துள்ளும். துள்ளாமல் இருக்க எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருத்தன் அதன் வாலை அமுக்கிப் பிடிக்க வேண்டும்.

அந்த ஒருத்தன் தேசப்பன்.

காசிமேட்டுக் குப்பத்து ஆள். என் வயசுதான். கடலுக்குப் போக மாட்டேன் என்று வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்தவன். வலது மணிக்கட்டில் பச்சையில் ஒரு நண்டு குத்தியிருப்பான். வாய் ஓயாது. எனக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவன் என்பதால், ரம்பம் வந்ததும் அதை ஓட்டுவது தான்தான் என்று இருந்தான். அண்ணாச்சி ரம்பத்தில் என்னை நிறுத்தினார். ஊர்க்காரன் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

அன்றிலிருந்து அவன் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அதனால்தான் ஆரம்பத்தில் எனக்குச் சந்தேகம் வேறு பக்கம் போனது.

தேசப்பன் பிடித்தால் கட்டை எப்போதும் கொஞ்சம் நடுங்கும். பொறுமை கிடையாது அவனுக்கு. ஆனால் சில மத்தியானங்களில் கட்டை பாறை மாதிரி நின்றது. வெட்டு கண்ணாடி மாதிரி விழுந்தது. அறுந்த ஆப்பைக் கழற்றி என் பக்கம் நகர்த்தி வைத்தது அந்தக் கை. பேச்சு இல்லை. இருமல் இல்லை. பீடி நாற்றம்கூட இல்லை.

கோபம், அதுதான் வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிறான் என்று நினைத்தேன்.

இன்னொன்று. அறுத்த பித்தளை சுடும். உடனே தொட்டால் விரல் பொத்துப்போகும். அந்தக் கை நகர்த்தி வைத்த ஆப்பை ஒரு நாள் மறந்துபோய் அப்படியே எடுத்துவிட்டேன்.

சில்லென்று இருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து எடுத்த மாதிரி.

அன்று சாயங்காலம் டீக்கடையில் தேசப்பனிடம் நானாகவே போய்ப் பேசினேன்.

"மத்தியானம் நல்லாப் பிடிச்சே, தேசப்பா."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னா, கிண்டலா? வூட்டாண்ட போய் துன்னுட்டு லேட்டா வந்தேன். அத்த குத்திக் காட்டுறியா?"

டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

லேட்டாக வந்தானா? மத்தியானச் சங்கு ஊதினதிலிருந்து எதிரே நின்று பிடித்தவன் யார்? என்னை முட்டாளாக்கப் பார்க்கிறான் என்று தோன்றியது. இரண்டு நாள் கழித்து அது வேறு மாதிரி தோன்ற ஆரம்பித்தது.

ஏனென்றால் அந்த விரல்கள் நகர்ந்துகொண்டே வந்தன.

முதலில் கட்டையின் வால் பக்கம் இருந்தன. பிறகு நடுவில். பிறகு ரம்பப் பட்டையின் முதுகை ஒட்டி. அப்புறம் ஒரு நாள், பட்டையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் எட்டிப் பார்ப்பது போல இரண்டு விரல். பல் இருப்பது என் பக்கத்தில்தான். நான் திடுக்கிட்டுக் கட்டையை இழுத்தேன். ஒரு மயிரிழை. என் விரல் தப்பியது.

என் கையை வாங்கிவிட்டால் ரம்பம் அவனுக்கு என்று கணக்குப் போடுகிறான். எனக்கு அப்படித்தான் பட்டது. அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன்.

"அண்ணாச்சி, தேசப்பன் வேணும்னே பல்லுக்கிட்ட கைய கொண்டு வாரான்."

அவர் தலையைத் தூக்கவில்லை. "எப்போ?"

"மத்தியானத்துல."

"மத்தியானத்துல ரம்பத்த போடாத" என்றார். "சாப்பாட்டு நேரத்துல என்னல சோலி உனக்கு?"

அவ்வளவுதான் சொன்னார். தேசப்பனைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. அது எனக்கு உறுத்தியது. இவருக்கு என்னவோ தெரியும்... என்ன தெரியும்?

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் விடியற்காலையில் கப்பல் கிளம்புகிறது, ஆப்பு குறைகிறது என்று ஆள் வந்து நின்றது. மற்றவர்களுக்கு லீவு. பூசை முடிந்து நேராகப் பட்டறைக்கு வந்தேன். தேசப்பனும் வந்தான். காலை முழுக்க அறுத்தோம். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் அவன் சாப்பிடப் போனான். அண்ணாச்சி துறைமுகத்துக்குப் போயிருந்தார்.

நான் கொண்டுவந்திருந்த சோற்றைச் சாப்பிட்டேன். கை கழுவினேன். தேசப்பன் வரவில்லை. சாமான் முடிய வேண்டும். அண்ணாச்சி சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனாலும் கப்பல் காத்திருக்காதே.

ரம்பத்தைப் போட்டேன். ஒரு பித்தளையைக் கட்டையில் வைத்து முறுக்கினேன். தனியாகத் தள்ளிப் பார்க்கலாம் என்று கொண்டுபோனேன்.

கை வந்தது.

எப்போது வந்தான் இவன்? பின்கதவு வழியாக வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். கட்டை அசையாமல் நின்றது. ஒன்று அறுத்தேன். இரண்டு அறுத்தேன்.

"சாப்பிட்டியா?" என்றேன்.

அறுந்த ஆப்பை அந்தக் கை என் பக்கம் நகர்த்தி வைத்தது.

மூன்றாவதை அறுக்கும்போதுதான் கவனித்தேன். பித்தளைத் தூள் மஞ்சளாகப் பறந்துகொண்டிருந்தது. என் கை முழுக்க மினுமினுப்பு. மேசை முழுக்க மினுமினுப்பு. அந்தக் கையில் மட்டும் ஒரு பொட்டுத் தூள் இல்லை. குளித்துவிட்டு வந்த கை மாதிரி இருந்தது.

அதுவரை விரலைத் தாண்டி என் பார்வை போனதில்லை. மணிக்கட்டைப் பார்த்தேன்.

நண்டு இல்லை.

வெயிலில் கண் கூசுகிறது என்று சொல்லிக்கொண்டேன். குனிந்து பார்த்தேன். வலது கைதான். பச்சை குத்தின அடையாளமே இல்லை. வெளுத்த கை. நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன.

அப்போது அது கட்டையை விட்டது.

மெதுவாக... பட்டையைச் சுற்றி... என் பக்கம் வந்தது. ஓடுகிற பல்லுக்கு நேர் முன்னால் மேசையில் படுத்தது. உள்ளங்கை மேலே. விரல்கள் விரிந்திருந்தன.

"ஏல! கைய எடு!"

எடுக்கவில்லை.

"கைய எடுல! அறுந்திரும்!"

விரல் மட்டும் ஒரு தடவை மடங்கி நிமிர்ந்தது. வா என்று கூப்பிடுகிற மாதிரி.

அது யார் கையாக இருந்தாலும் என் கண் முன்னால் அறுபடக் கூடாது. அதைப் பிடித்து இழுத்துவிட என் கையை நீட்டினேன்.

"இன்னா நைனா, யாராண்ட பேசிகினு கீறே?"

குரல் என் முதுகுப் பக்கம் கேட்டது.

வாசலில் தேசப்பன். தலை ஈரம். தோளில் துண்டு. அப்போதுதான் உள்ளே காலை வைக்கிறான்.

என் கை பாதியில் நின்றது. திரும்பி மேசையைப் பார்த்தேன்.

இன்னும் இருந்தது.

தேசப்பன் பக்கத்தில் வந்து நின்றான். அவனும் பார்த்தான்.

"அது... யார் கையி?"

நான் மோட்டாரை அணைத்தேன். சக்கரம் உடனே நிற்காது. உர்ர்ர்... என்று இறங்கிக்கொண்டே வந்தது. அந்தச் சத்தம் குறையக் குறைய அந்தக் கையும் பின்னால் போனது. மேசை விளிம்புக்கு அப்பால். கடைசியில் விரல் நுனி.

அப்புறம் அதுவும் இல்லை.

தேசப்பன் ஓடிப்போய் அந்தப் பக்கம் பார்த்தான். யாரும் இல்லை. பின்கதவு உள்ளே தாழ் போட்டபடி இருந்தது.

வெளியே ஓடி வந்து ரோட்டில் நின்றோம். ஜட்கா வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவன் பீடியைப் பற்றவைக்கப் பார்த்தான், நெருப்புக்குச்சி மூன்று தடவை அணைந்துபோனது.

"முத்து, ஒண்ணு கேக்கறேன், மெய்யாலுமே சொல்லு" என்றான். "உனக்கு ஜுரம்னு போன வாரம் லீவு போட்டியே. அன்னிக்கி நான்தான் ரம்பம் ஓட்டினேன். மத்தியானம் வந்து எதுரால நின்னு கட்டையைப் பிடிச்சது நீதானே?"

"நான் பாயை விட்டே எந்திரிக்கலையே."

அவன் பீடியைக் காதில் செருகிக்கொண்டான். பிறகு சொன்னான். "ஜுரத்தோட எழுந்து வந்து எனக்கு கை குடுக்கறான், வாய் திறந்து சொல்லத்தான் கூச்சப்படறான்னு நெனச்சேன். உம்மேல இருந்த கோவமே அன்னிக்கிப் பூட்ச்சுப்பா."

மிச்ச ஆப்புகளை வாசலுக்கு அருகே இருந்த பட்டறைக் கவ்வியில் மாட்டி, கை ரம்பத்தால் இழுத்து இழுத்து அறுத்தோம். இருட்டுவதற்குள் முடித்தோம். அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த வாரமே ரம்பத்தை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். யாருக்கு விற்றீர்கள் என்று நாங்கள் கேட்டோம். "உங்க சோலிய பாருங்கல" என்றார்.

எங்களால் அப்படி விட முடியவில்லை. அடுத்த ஞாயிறு எண்ணூருக்கு ரயில் ஏறினோம். மூடிப்போன அந்தப் பட்டறையில் ரம்பம் ஓட்டியவர் யார் என்று விசாரித்ததில், கழிமுகத்துப் பக்கம் கருவாட்டுக் கடை போட்டிருந்த சுப்புராஜ் என்பவரைக் காட்டினார்கள். நாற்பது வயசு இருக்கும். வலது கையைத் துண்டால் சுற்றி மூடியிருந்தார்.

நாங்கள் பட்டை ரம்பம் என்று ஆரம்பித்ததுமே அவர் கேட்டார். "மத்தியானத்துலயா?"

தேசப்பன் தலையை ஆட்டினான்.

"ஏழு மாசம் என்னோட வேலை செஞ்சுது" என்றார் சுப்புராஜ். "என் கூட்டாளின்னுதான் நெனச்சிகினு இருந்தேன். அவ்ளோ சுத்தமான வேலை. ஒரு நாள் பல்லு முன்னால கைய விரிச்சு வச்சுது. ஐயோ, இவன் கை பூடப்போவுதேன்னு பதறிப்போய் பிடிச்சேன்."

"இழுத்துச்சா?" என்று கேட்டேன்.

"இழுக்கலபா. இழுத்திருந்தா நானும் இழுத்திருப்பேன். பிடிச்சுது. அவ்ளோதான். சாமானைப் பிடிக்கிற மாதிரியே, ஆடாம அசையாம, ஒரு பக்கமா சாச்சுப் பிடிச்சு... உள்ள குடுத்துது."

அவர் துண்டை அவிழ்த்தார்.

மணிக்கட்டுக்கு மேலே கை முடிந்திருந்தது. விபத்தில் போன கை மாதிரி இல்லை. பிசிறு இல்லை. சிதைவு இல்லை. ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் இறங்கி, ஒரே வெட்டில் அறுந்திருந்தது.

தேசப்பன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேருக்குமே தெரிந்துவிட்டது. மூன்று மாதமாக நாங்கள் பித்தளையில் அறுத்துக்கொண்டிருந்த அதே சாய்வு.