முதலில் பாடியது யார்

பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதை நான் கண்டுபிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடத்தில் சூடாக்கும் இயந்திரம் பழுதாகி வகுப்பறைகள் குளிர்ந்துபோனதால் எங்களை மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்வீட்டில் இருந்தோம். நான் சப்பாத்திலிருந்த பனியைத் தட்டிவிட்டுப் படியில் பாதி ஏறியிருப்பேன். கீழ்வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே ஏதோ பழைய பாட்டு ஓடி முடிந்தது. உடனே ஒரு பெண்குரல், இதுதான் இரண்டாவது, மற்றதுதான் முதலில் வந்தது என்று ஆங்கிலத்தில் சொன்னது. தங்குதடையில்லாத ஆங்கிலம். குரல் பெரியம்மாவுடையது.

பெரியம்மா என் அம்மாவின் ஒரே அக்கா. கல்யாணம் செய்யாதவர். இரண்டு வருடத்துக்கு முன்னர்தான் யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு வந்து சேர்ந்திருந்தார். அவர் வந்த நாளிலிருந்து, "அக்காவுக்கு இங்கிலீஷ் ஓடாது" என்று அம்மா கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொல்லிவைத்தார். அதனால் டொக்டரிடமும் வங்கியிலும் மெட்ரோ நிலையத்திலும் நான்தான் அவருடைய வாய். அந்தப் பதவி எனக்குப் பிடித்திருந்தது. நான் சொன்னதை அவர் நம்புவதைத் தவிர வேறு வழியில்லை என்பது இன்னும் பிடித்திருந்தது.

அதில்தான் வினை இருந்தது. அம்மாவும் அப்பாவும் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் மத்தியானம் தொடங்கி இரவுவரை வேலைசெய்தார்கள். ஆகவே அந்த மார்கழியில் பெற்றோர் சந்திப்புக்கு என்னோடு பெரியம்மாதான் வந்தார். ஆசிரியை அவருக்காகப் பிரெஞ்சை விட்டு ஆங்கிலத்துக்கு மாறி, நான் வகுப்பில் ஓயாமல் பேசுகிறேன், பிடிபட்டால் பொய் சொல்கிறேன் என்று விளக்கமாகச் சொன்னார். நான் பெரியம்மாவின் பக்கம் திரும்பி, "நல்லாக் கதைக்கிற பிள்ளையாம், கற்பனையும் கூடவாம்" என்று மொழிபெயர்த்தேன். பெரியம்மா கைப்பையை மடியில் வைத்தபடி பயபக்தியோடு தலையாட்டினார்.

இப்போது அந்தத் தலையாட்டலைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். ஆங்கிலம் தெரிந்தவர் ஏன் தலையாட்ட வேண்டும்? எதற்காக விஷயத்தைப் பொத்தி வைத்திருக்கிறார்? நான் சோதனைகளில் இறங்கினேன். இரவு சாப்பிடும்போது, பெரியம்மாவின் தோளில் சிலந்தி ஒன்று ஊர்கிறது என்று ஆங்கிலத்தில் சுவரைப் பார்த்துச் சொன்னேன். அவர் புட்டைக் குழைத்துக்கொண்டே இருந்தார். அடுத்த நாள், அவருடைய புதுக் கம்பளித் தொப்பி வெங்காயம் போல இருக்கிறது என்றேன். தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டு, "குளிருது, கெதியா நட பிள்ளை" என்றார். இவ்வளவு நன்றாக நடிக்கிற ஒருவர் எதற்கும் துணிந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

கீழ்வீட்டுக்காரரைப் பற்றியும் எங்கள் வீட்டில் நல்ல அபிப்பிராயம் கிடையாது. வருடாவருடம் நகரமே வீடு மாறும் ஜூலை முதலாம் திகதியில்தான் அந்த வருடம் அவரும் வந்து இறங்கினார். எழுபதைத் தாண்டிய கறுப்பினத்தவர், இந்த ஊரிலேயே பிறந்தவர். சாமான் ஏற்றி வந்த வான் வண்டியிலிருந்து ஒரு கட்டிலும் ஒரு கதிரையும் பதினாறு பெட்டிகளும் இறங்கின. "சட்டி பானை ஒண்டும் இல்லாமல் பெட்டியோடை மட்டும் வாற ஆளை நம்பேலாது" என்று அப்பா யன்னலில் நின்று சொன்னார். பெட்டிகளில் இருந்தது முழுக்க இசைத்தட்டுகள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

அடுத்த வாரம் பள்ளிக்கூட விடுமுறை வந்தது. அம்மாவும் அப்பாவும் பஸ் ஏறியதும், "உடுப்புத் தோய்க்கப் போறன்" என்று பெரியம்மா கூடையை எடுத்துக்கொண்டு இறங்குவார். தோய்க்கும் இயந்திரம் நிலவறையில் இருந்தது. ஒன்றரை மணித்தியாலம் கழித்துக் கூடை திரும்பி வரும். திங்கட்கிழமை நான் வேண்டுமென்றே ஒரு துவாயில் தேத்தண்ணீர் ஊற்றிக் கூடைக்குள் வைத்தேன். துவாய் அதே கறையோடு, அழகாக மடிக்கப்பட்டுத் திரும்பி வந்தது.

செவ்வாயும் புதனும் நான் காலுறையோடு படியில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டேன். அவர்கள் ஒரு விளையாட்டு விளையாடினார்கள். கிழவர் ஒரே பாட்டின் இரண்டு இசைத்தட்டுகளை மாறி மாறிப் போடுவார். எது முதலில் பாடப்பட்டது என்று பெரியம்மா சொல்ல வேண்டும். ஒன்றில் வயலின்கள் இழையும், பாடுகிறவர் ஒவ்வொரு சொல்லையும் துடைத்துத் துடைத்து வைப்பார். மற்றதில் மேளம் முந்தும், சாக்ஸபோன் கத்தும், குரல் ஓரிடத்தில் உடைந்தேவிடும். உடைந்ததுதான் எப்போதும் முதலாவது.

கிழவர் இடையிடையே கதை சொன்னார். அவருடைய இளமையில் அமெரிக்காவின் பெரிய வாத்தியக்குழுக்கள் நியூ யோர்க்கிலிருந்து ரயிலேறி இந்த நகரத்துக்கு வருமாம். ரயில் பாதைக்குப் பக்கத்துக் கிளப்புகளில் அவரும் சாக்ஸபோன் வாசித்திருக்கிறார். உலகப் போர் முடிந்ததும் பதினைந்து பேருக்குச் சம்பளம் கொடுத்து ஊர் ஊராகக் கூட்டிப்போக யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. குழு ஐந்து பேராகச் சுருங்கியது. சத்தம் மட்டும் கூடியது. மின்சார கிட்டார் முன்னுக்கு வந்தது. கறுப்பர்களின் பாட்டுக்கு ஒரு விற்பனைப் பட்டியல், வெள்ளையர்களின் பாட்டுக்கு வேறு பட்டியல் இருந்த காலம் அது. கறுப்பு இளைஞர்கள் பாடிய பாட்டைச் சில வாரங்களிலேயே ஒரு வெள்ளைப் பாடகர் சொற்களை மென்மையாக்கித் திரும்பப் பாடுவார். அதுதான் ரேடியோவில் போகும், அதுதான் விற்கும். பிறகு வெள்ளைக்காரப் பிள்ளைகளும் விழித்துக்கொண்டு, முதலில் பாடியவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்கத் தொடங்கினார்களாம். அதற்குப் பிறகு எதையும் பழையபடி பூட்டி வைக்க முடியவில்லை என்று சொல்லி அவர் சிரித்தார்.

பெரியம்மா சிரிக்கவில்லை. ஊரில் எங்கள் ரேடியோவுக்கு வந்ததெல்லாம் இரண்டாவதுதான் என்றார். தலை வாரிப் பொட்டு வைத்து அனுப்பிய பாட்டுகள். இத்தனை வருடமும் அவற்றைத்தான் முதலாவது என்று நம்பியிருந்தேன் என்றார்.

எனக்கோ இதெல்லாம் ஏதோ குற்றத்தின் சங்கேத மொழி போல இருந்தது. யாரோ யாருடையதையோ எடுத்திருக்கிறார்கள், யாரோ மறைத்திருக்கிறார்கள். பெரியம்மா எந்த நேரமும் பெற்றோர் சந்திப்பு விஷயத்தை அம்மாவிடம் போட்டுவிடலாம். அவர் முந்துவதற்குள் நான் முந்த வேண்டும்.

வியாழக்கிழமை காலை பெரியம்மா குளித்துக்கொண்டிருந்தார். அம்மா கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, பெரியம்மா ஒவ்வொரு நாளும் கீழ்வீட்டுக்குப் போறா. அந்தக் கிழவரோடை இங்கிலீசிலை கதைக்கிறா. பாட்டுக் கேக்கினம்." அம்மாவின் கத்தி நின்றது. போதாது என்று பட்டது. "கதவைச் சாத்திப்போட்டு" என்று சேர்த்தேன்.

அறை கன்னத்தில் விழுந்தபோது அது எனக்குத்தான் என்று புரியவே ஒரு கணம் எடுத்தது. அம்மா அதற்கு முன் என்னை அடித்ததில்லை. "ஆர் உன்னைச் சொல்லச் சொன்னது? ஆர் கேட்டது?" என்றார். பிறகு பண்டகசாலைக்குத் தொலைபேசி எடுத்து, இன்றைக்கு வர ஏலாது என்றார். அடுப்பில் எண்ணெயை வைத்து, விருந்தாளி வரும் நாளைப் போல றோல்ஸ் பொரித்தார். பெரியம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. தனக்குத் தலையிடி என்று மட்டும் சொல்லி அறைக்குள் போய்ப் படுத்தார்.

மத்தியானம் கூடை இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அம்மா எழுந்து, முகம் கழுவி, றோல்ஸ் தட்டை ஏந்திக்கொண்டு இறங்கினார். பெரிய சண்டை நடக்கப்போகிறது என்று நான் பின்னால் போய் என் படியில் உட்கார்ந்தேன். அம்மா கதவை விரல்களால் தள்ளினார். பெரியம்மா கதிரையிலிருந்து எழுந்து நின்றார். கிழவர் ஊசியைத் தூக்கினார், பாட்டு நின்றது. றோல்ஸ் தட்டைக் கீழே வைக்கக்கூட அம்மாவுக்குத் தோன்றவில்லை.

"போய்ச் சொன்னது நான்தான் அக்கா" என்றார்.

"ஓம். எனக்கு அண்டைக்கே தெரியும்."

"பேந்து ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"சின்னப்பிள்ளை சொன்னதுக்கு என்னத்தைக் கேக்கிறது?" என்ற பெரியம்மா தட்டை வாங்கினார். "இரு. இருந்து கேள்."

அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். கிழவர் பாட்டை முதலிலிருந்து போட்டார். அம்மா சால்வையை முகத்தில் வைத்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. கோள் சொன்ன பழியை அம்மா தன் தலையில் போட்டுக்கொண்டு என்னைக் காப்பாற்றுகிறார். பொய் சொல்லாதே என்று நாள் முழுக்க ஓதுகிறவர் எவ்வளவு லாவகமாகப் பொய் சொல்கிறார் என்று வியப்பாகவும் இருந்தது. நான் சொன்னது இன்றைக்குக் காலையில், ஏன் அன்றைக்கு என்கிறார்கள் என்று ஒரு நெருடல் எழுந்ததும் உண்மை. இரண்டு வாரமாக எல்லாவற்றையும் சந்தேகித்த நான் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, நிம்மதியாக மேலே போய்த் தொலைக்காட்சி பார்த்தேன்.

பதினைந்து வருடம் கழித்து, கர்க்லாண்டில் என் வீட்டுச் சமையலறையில் வைத்து அம்மா எனக்குச் சொன்னார். இளம் வயதில் பெரியம்மா கொழும்பில் விடுதியில் தங்கித் தட்டெழுத்துப் படித்துக்கொண்டிருந்தார். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது பின்னேரங்களில் பக்கத்து வீட்டுக்கு ரேடியோ கேட்கப் போவார். அந்த வீட்டிலிருந்த இளம் ஆங்கில வாத்தியார் பாட்டின் சொற்களை அவருக்கு எழுதிக் கொடுப்பார். அம்மா அதைத் தன் தகப்பனிடம் போய்ச் சொன்னார். சொன்னதோடு சொந்தமாகவும் கொஞ்சம் சேர்த்தாராம். என்ன சேர்த்தார் என்பதை என்னிடம் சொல்ல மறுத்துவிட்டார். பெரியம்மா கொழும்புக்குத் திரும்பிப் போகவில்லை. வாத்தியார் மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் பெரியம்மா ஆங்கிலம் பேசிக் கேட்டதில்லை.

பெரியம்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அம்மாவுக்கு எட்டு.