சமாளிச்சுப்பேன்

சலவைக்கூடத்தில் அவளுக்குப் புயல் என்று பெயர். ஆஸ்பத்திரிப் போர்வைகள் மலைபோல் வந்து குவியும். மணியடிப்பதற்குள் அத்தனையையும் இஸ்திரி போட்டு, மடித்து, அடுக்கிவிட்டு, "அடுத்தது எங்கே?" என்பாள். இருபத்தாறு வருஷம் இப்படி. ஒருநாள் காலையில், போர்வையின் ஓரத்தைப் பிடித்திருந்த வலது கை, பிடித்தது போதுமென்று தானாகவே விட்டுவிட்டது. பக்கவாதம். வலது கையும் வலது காலும் திரும்பி வரவில்லை. பேச்சு மட்டும் இரண்டே மாதத்தில் திரும்பியது. வம்பே அதில்தான் ஆரம்பித்தது.

கணவர் போய்ச் சேர்ந்தபின் அவளோடு இருந்தவள் நாத்தனார் ஒருத்திதான். அவளுக்கும் முதுகுத் தட்டு விலகி, இடுப்பில் பட்டை கட்டித்தான் நடமாட்டம். நொண்டிக்கு முடம் துணை. ஒருநாள் குளிப்பாட்டும்போது இருவரும் சேர்ந்தே வழுக்கி விழுந்தார்கள்.

"அண்ணி, எழுந்திரு."

"நீ முதல்ல என் மேலேருந்து எழுந்திருடி, எருமை!"

அரைமணி கழித்து மாடிவீட்டுக்காரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, இருந்த ஒரே துண்டுக்கு இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகுதான் அரசாங்கத்தின் மாற்றுத்திறனாளி உதவிக்கு எழுதிப் போட்டார்கள். கிடைத்தால் தினமும் காலையில் ஒரு பராமரிப்பாளர் வந்து குளிப்பாட்டி, உடை மாற்றிவிட்டுப் போவார். கிடைக்காவிட்டால், அடுத்தமுறை விழும்போது யார் மேலே, யார் கீழே என்பது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

மதிப்பீட்டு அதிகாரி படிவத்தோடு வந்த நேரம் பார்த்து நாத்தனார் மருந்துக்கடைக்குப் போயிருந்தாள்.

"தனியா குளிக்க முடியுமாம்மா?"

"சமாளிச்சுப்பேன்."

"சட்டை மாட்ட?"

"அதுக்கென்ன, சமாளிச்சுப்பேன்."

கேள்விகள் ஒன்பது. பதில் ஒன்று. போதாததற்கு, அவர் நிற்கிறாரே என்று பதறி, இடது கையால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரவும் சொன்னாள். அவர் அவளுடைய கையையோ காலையோ தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எல்லாமே முடியுமென்று அம்மாவே சொல்லும்போது அவர் ஏன் தொடப்போகிறார்?

மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. 'அன்றாட வேலைகள் அனைத்தையும் செய்ய முடியும் என விண்ணப்பதாரரே தெரிவித்தார். நாற்காலியையும் நகர்த்தினார். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

"நாற்காலி வேறயா!" நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "பீரோவையும் தூக்கிக் காட்டியிருக்கலாமே அண்ணி, பதக்கம் கொடுத்திருப்பாங்க."

"வந்த மனுஷன்கிட்ட, என்னால பொத்தான்கூடப் போட முடியலைன்னு அழச் சொல்றியா?"

"ஆமா. அதுக்குத்தானே அவரு வந்தாரு!"

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் கெடு. ஆஸ்பத்திரி நர்ஸ் வழி சொன்னாள். "முடியுமான்னு அவங்க கேட்டா, தனியா, விழாம, தினமும் முடியுமான்னு அர்த்தம். ஒரு வாரம் நடக்கிறதை நடக்கிறபடி எழுதி எடுத்துட்டுப் போங்க."

நாத்தனார் எழுதினாள். 'திங்கள்: சட்டைப் பொத்தான் ஐந்து. பல்லால் கடித்து மூன்று போட்டாள். இருபது நிமிடம். நாலாவது பொத்தான் வாயோடு வந்துவிட்டது. புதன்: கழிப்பறையிலிருந்து எழுப்பினேன். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. வாளியை உதைத்தேன்.' புயல் அதைப் படித்துவிட்டுத் தாளை இடது கையால் தள்ளிவிட்டாள். எழுதியதில் பொய் ஒன்றுமில்லை, அதுதான் கோபம். பெருமையைக் குறிக்க அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

விசாரணை அறையில் நீள மேசைக்கு அந்தப் பக்கம் தலைவரும் ஒரு டாக்டரம்மாவும். இந்தப் பக்கம் புயல். பலவீனமான பக்கமாக நின்று தாங்கி அழைத்து வந்த நாத்தனார், அதே வலது பக்கம் உட்கார்ந்தாள். "அந்த வார்த்தை மட்டும் வாயிலேருந்து வந்துச்சு, உதைப்பேன்" என்று முன்கூட்டியே எச்சரித்தும் இருந்தாள்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்தபடி சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லா இருக்கேங்க. ஏதோ சமாளிச்சுட்டு..."

மேசைக்கடியில் நாத்தனார் உதைத்தாள். மேசையே ஆடியது. புயல் முகத்தில் புன்னகை மாறவில்லை.

டாக்டரம்மா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "அம்மா, உங்களை இப்ப உதைச்சாங்களே, வலிக்கலையா?"

"என்னையா? எப்போ?"

நாத்தனாருக்கு வேர்த்துவிட்டது. பேச்சை நிறுத்த உதைத்தவள், உணர்ச்சியில்லாத காலாகப் பார்த்து உதைத்திருக்கிறாள்.

டாக்டரம்மா எழுந்து வந்து அந்தக் காலைத் தொட்டாள், கிள்ளினாள், ஊசிமுனையால் குத்திப் பார்த்தாள். "இதுக்கு முன்னாடி யாரும் சோதிக்கலையா?" என்று தலைவரைப் பார்த்தாள். அவர் அவசரமாகக் காகிதத்தைப் புரட்டினார்.

"சரிம்மா, சமாளிக்கிறதுன்னா என்ன செய்வீங்க? சட்டையைச் சொல்லுங்க" என்றாள் டாக்டரம்மா.

புயல் நாத்தனாரைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

"பல்லால கடிச்சு இழுப்பேங்க. முடியலைன்னா அப்படியே உட்கார்ந்திருப்பேன். இவ வர்ற வரைக்கும்."

பத்தாம் நாள் அனுமதிக் கடிதம் வந்தது. அடுத்த திங்கட்கிழமையே வாட்டசாட்டமான பராமரிப்பாளர் ஒருத்தி கையுறை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"குளிக்கப் போலாமாம்மா? எழுந்திருக்கக் கை கொடுக்கட்டுமா?"

"எதுக்கும்மா உனக்குச் சிரமம், நானே சமாளி... ஆ! பாவி!"

நாத்தனார் இந்தத் தடவை இடது காலில் உதைத்திருந்தாள்.