மூடிய கிளைகளுக்கு நான் எழுதிய வரலாறு

வங்கி வேலையில் முதலில் பழகுவது, எதிரில் நிற்பவரை நிமிர்ந்து பார்க்காமலே "உக்காருங்க" என்று சொல்வது. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கால் கடுக்க நின்றவர்களுக்கு இது புரியும்.

எங்கள் வங்கியைப் பெரிய வங்கி ஒன்றோடு சேர்த்து, மதுரைப் பக்கத்துக் கிளைகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். மூடிய பிறகு அவற்றின் வரலாற்றை நினைவு மலராகப் போட மேலிடத்துக்கு ஆசை வந்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று, கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டிய வேலையை என் தலையில் கட்டினார்கள்.

மேலூர்

கிளைக்கு இடம் கொடுத்த நெல் வியாபாரியிடம் போனேன். திறப்பு விழா நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னைப் பெட்டக அறைக்குக் கூட்டிப்போய், அந்த இரும்புக் கதவைத் தட்டிக் காட்டினார்.

"விழாவை விடுங்க தம்பி. இந்தக் கதவைக் கழட்டிட்டுப் போவீகளா, இல்ல நான் உள்ள நெல்லு மூட்டையை அடுக்கிக்கிறவா?"

அவனியாபுரம்

பட்டறைக்காரர் ஒருவர் கடனுக்காக எங்கள் கிளைக்கு ஆறு மாதம் நடந்தவர். கடன் கிடைக்கவில்லை. கிளையை மூடி மேசை நாற்காலிகளை ஏலம் விட்டபோது, மேனேஜரின் சுழல் நாற்காலியை அவர்தான் எடுத்தார். நான் போனபோது அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பட்டறையில் வேறு நாற்காலி கிடையாது. நின்றபடியே, கிளையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொன்னேன்.

"உங்க மேனேஜர் இதுல உக்காந்துதான் என்னைய நாளைக்கு வாங்கன்னாரு. நீங்களும் நாளைக்கு வாங்க சார்."

தல்லாகுளம்

இந்தக் கிளையை மூடியபின் பெரிய வங்கியில் எனக்குக் கொடுத்த கவுன்ட்டருக்கே வந்தார், பழைய வாடிக்கையாளர் ஸ்டெல்லா டீச்சர். மிஷன் பள்ளியில் ஓய்வு பெற்றவர். கணக்குகளை மாற்றியதில், புதுக் கம்ப்யூட்டர் அவரை அப்பா பெயரில் 'திரு. இன்னாசி' ஆக்கியிருந்தது. திருத்த இரண்டு சான்று வேண்டுமென்று விதியைப் படித்துக் காட்டினேன். என் மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கூசியது.

"இத்தனை வருசமா டீச்சர் டீச்சர்னு கூப்பிட்டது நீங்கதான சார்? உங்க பேரையே ஒரு சான்றா எழுதிக்கிறவா?"

மலர்

எல்லாவற்றையும் எழுதி, சென்னையிலிருந்து வந்த அதிகாரியிடம் கொடுத்தேன். கிளைகளை மூடும் உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு மனம் நெகிழ்ந்து போனார்.

"அருமையான கிளைகளா இருக்கே. நாளைக்கு ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரலாமா?"

மூடியவருக்கே தெரியாத அளவு நாசூக்காக மூடினார்கள் என்பதுதான் நான் எழுதாமல் விட்ட ஒரே வரலாறு.