வரலாம், வரலாம்

எங்கள் வீட்டில் கார் ரிவர்ஸ் எடுத்தால், ஓர் ஆண்பிள்ளை பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்று கத்தியாக வேண்டும். என் கொழுந்தன் அப்படிக் கத்தியதை நம்பித்தான் அவர் பெண்டாட்டி, அதாவது என் ஓரகத்தி, கேட் தூணில் காரை இடித்தாள். கத்திய வாயை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஓட்டியவளுக்கு மட்டும் 'இடிராணி' என்று பெயர். சாவி கொழுந்தன் சட்டைப்பைக்குள் போய்விட்டது.

அவள் வீட்டில் யூனிஃபார்ம் தைத்துக் கடைக்குக் கொடுப்பவள். சாவி இல்லையென்றால், மூட்டையோடு கொழுந்தன் எப்போது கிளம்புவார் என்று காத்துக் கிடக்க வேண்டும்.

"உங்க வாயைவிட நல்ல வாய் ஒண்ணு செஞ்சு காருக்கு மாட்டறேன். அப்ப சாவி குடுப்பீங்களா?"

"செய்யி, பாக்கலாம்" என்று சிரித்தார்.

போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டாள். மூளையாகத் தீப்பெட்டி அளவு மைக்ரோகண்ட்ரோலர், இரண்டு கண் வைத்த சென்சார், ஒரு பஸ்ஸர். ஒரு கண் நமக்குக் கேட்காத சத்தத்தை அனுப்பும். அது எதிலாவது பட்டுத் திரும்பினால் மற்றது பிடிக்கும். எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறதோ, அவ்வளவு பக்கத்தில் இடி. பஸ்ஸர் கத்தும். இதையெல்லாம் அடைக்க என் மிளகாய்த்தூள் டப்பாதான் கிடைத்ததாம்!

சோதனைக்கு மட்டும் சாவி வந்தது. பம்பரில் கட்டியதும், கார் நகரும் முன்பே டப்பா அலறியது.

"உன்ன மாதிரியேதான். காரணமே இல்லாம கத்துது."

"காரணம் இருக்குங்க. நீங்கதான் என்னிக்கும் கேட்டதில்ல."

குனிந்து பார்த்தாள். டப்பா தொங்கி, தரையைச் சுவர் என்று நினைத்திருக்கிறது. அடியில் அட்டையை மடித்துச் செருகி நிமிர்த்தினாள். அலறல் நின்றது.

மறுபடி ரிவர்ஸ். பழக்கதோஷம், கொழுந்தன் ஓரமாக நின்று போனைப் பார்த்தபடியே, "வரலாம், வரலாம்" என்றார்.

டப்பா வீறிட்டது. பிரேக் விழுந்தது.

"ஏன் நிறுத்தற? இன்னும் ரெண்டடி இருக்கு!"

நான் போய்ப் பார்த்தேன். அவரே கொண்டுவந்து நிறுத்திய புது பைக்குக்கும் பம்பருக்கும் நடுவில் என் கை நுழையவில்லை.

"ஏன் தம்பி, அந்த ரெண்டடி எங்க இருக்கு? காட்டுங்க, நானும் பாக்கறேன்."

பைக்கைத் தடவிக்கொண்டே, "அதுக்காக டப்பாவை எப்பவும் நம்ப முடியுமா, அண்ணி?" என்றார்.

அவள் சாவியை உருவித் தன் பர்ஸில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "அது தப்பா கத்துச்சு, திருத்திட்டேன். உங்கள எப்படிங்க திருத்தறது?"

இப்போது அவள் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது. சொன்னால் சொன்னதுதான். என் டப்பா திரும்பி வரவில்லை. வரவும் வேண்டாம்.